இரண்டுக்கும் ஒரே கோளாறு

விளக்கை அணைத்த பிறகும் படம் இருட்டவில்லை.

அவர் பொத்தானை மறுபடி அழுத்தினார். இருட்டில் பார்க்கும் அந்தக் கருவியின் முனையில் மிளகளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. இன்னொரு தடவை அழுத்தினார், அணைந்தது. கண்ணை எடுத்துவிட்டு வெறுமனே பார்த்தால் வீட்டின் பின்புறம் மையிருட்டாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி எங்கே முடிகிறது, துணிக்கொடி எங்கே தொடங்குகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. ஈரச் சிமெண்ட் வாசனையும், எங்கோ ஒரு குழாய் அவசரமில்லாமல் சொட்டுகிற சத்தமும்தான் அங்கே ஒரு இடம் இருப்பதற்கே அடையாளம். ஆனால் கண்ணைத் திரும்பக் கருவியில் வைத்தால் இருபதடி தள்ளி எதிரே நின்ற மதில் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. போதாக்குறைக்கு அதன்மேல் நெட்டுக்குத்தாகக் கோடுகள் வேறு. ஆறு கோடுகள், ஒவ்வொன்றும் இரட்டையாக.

"கேடுகெட்ட சாமான்" என்று வாய்விட்டே திட்டினார்.

பின்கதவுப் படியில் உட்கார்ந்தபடி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நோட்டில் எழுதினார். ஒற்றைக் கண். விளக்கு அணைத்தாலும் வெளிச்சம். திரையில் ஆறு கோடு, இரட்டை. நடுநடுவே ஒரு கணம் படம் இருண்டு மீள்கிறது, உள்ளே ஒயர் லூஸ். எழுதிவிட்டு அடியில் பெரிதாக ரிஜெக்ட் என்று போட்டுக் கோடு கிழித்தார்.

கோடு கிழிப்பது அவருடைய பிழைப்பு. பாட்டில் தொழிற்சாலையில் செக்கர். ஜன்னலில்லாத இருட்டு அறையில், ஒளிரும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். பாட்டில்கள் பலகைக்கும் அவருக்கும் நடுவே வரிசையாகப் போகும். பின்னாலிருந்து வெளிச்சம் விழும்போதுதான் கண்ணாடியின் வண்டவாளம் வெளியே வரும்: குமிழி, கீறல், ஒரு பக்கம் தடிப்பு. ஆகாததைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தொட்டியில் எறிவார். தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ரிஜெக்ட் வர்றாருடா" என்பார்கள். அதை அவர் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார்.

வீட்டிலும் அதே கதைதான். வாங்கிய குடை திரும்பிப் போகும், மின்விசிறி திரும்பிப் போகும், நாற்காலி மூன்று தடவை திரும்பிப் போகும். "கல்யாணமாகி பதினாறு வருஷத்துல இவர் திருப்பிக் கொடுக்காத ஒரே சாமான் நான்தான். பில்லைத் தொலைச்சிருப்பார்" என்று அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் நர்ஸுகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மூன்று வாரமாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மகளுக்கு வயது பதினான்கு. அவளுடைய அறை வீட்டின் பின்பக்கம். படிக்கிற மேசை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் ஹாலுக்கு வந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"அப்பா, ஜன்னல்ல யாரோ நிக்கிறாங்க."

அவர் தடியை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்புறம் ஈ காக்கை இல்லை. வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்திய வீடு அது. பின்புறத்தின் மூன்று பக்கமும் எட்டடி மதில், மேலே கண்ணாடிச் சில்லு பதித்தது, அதுவும் அவரே தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து பதித்தது. சமையலறைக் கதவு வழியாக அல்லாமல் அங்கே யாரும் வர முடியாது. திரும்பி வந்தபோது பயம் போய் அந்த இடத்தில் கோபம் உட்கார்ந்துகொண்டது.

"எப்போ பார்த்தே?"

"படிக்கும்போது. லைட்டு எரியும்போதுதான் தெரியுது. அணைச்சா போயிடுது."

"ஏன்டி, திருட வர்றவன் வெளிச்சம் இருக்கும்போது வந்து நின்னுட்டு, இருட்டானதும் கிளம்பிப் போவானா? பரீட்சைக்கு உட்கார்ந்து படின்னா நல்லா கதை கட்டுறே!"

மறுநாள் ஜன்னல் கண்ணாடி முழுக்க, உள்பக்கமாக, பழைய செய்தித்தாளை ஒட்டினாள். நாலு நாள் கழித்து ஒரு காலையில் தாள்கள் ஒன்றுகூடக் கிழியாமல் உரிக்கப்பட்டு, இஸ்திரி போட்டாற்போல மடிக்கப்பட்டு, மேசைமேல் அடுக்கியிருந்தன. "நான் எடுக்கலைப்பா" என்றாள். "அப்போ தாளே இறங்கி வந்து மடிஞ்சுக்கிச்சா?" என்று அவர் கத்தினார். அன்றையிலிருந்து அவள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஹாலில் அம்மா பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். தன்னை அழைத்துப் போகச் சொல்லி வெளியூரில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டாள். சித்தியும் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன், பள்ளிக்கூடத்தையும் இங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள்.

பெற்ற மகள் தன் வீட்டில் இருக்கப் பயந்து வேறு வீட்டுக்குப் போகிறாள் என்றால் தகப்பன் எதற்கு? அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குப் பற்றி எரிந்தது. மைத்துனியின்மேல் கோபம், மனைவியின்மேல் கோபம், எல்லாருக்கும் மேலாக இல்லாத ஆள்மேல் கோபம். ஆள் இல்லை என்பதை நிரூபித்துக் காட்டிவிட்டால் அவள் இருந்துவிடுவாள். அதற்குத்தான் கருவி.

கேமராக் கடைக்காரன் இருட்டில் பார்க்கும் கருவிகளை வரிசையாக வைத்திருந்தான். நல்லதெல்லாம் அவர் கைக்கு எட்டாத விலை. எட்டுகிற விலையில் இரண்டுதான் இருந்தன.

"இது ஒத்தைக் கண் சார். தூரமாப் பார்க்கும். ஆனா விளக்கு எரியறது முன்னாடி நிக்கிறவங்களுக்குச் சிவப்பாத் தெரியும். இது ரெட்டைக் கண். விளக்கு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனா பக்கத்துல இருக்கிறதைத்தான் காட்டும்" என்றான் கடைக்காரன்.

"அதாவது, ஒண்ணுல நான் பார்க்கிறது அவனுக்குத் தெரிஞ்சுடும். இன்னொண்ணுல அவன் கிட்ட வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது."

"இந்த விலைக்கு அதான் சார் வரும்."

இரண்டையும் வாங்கினார். பத்து நாளுக்குள் பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டார்.

ஒற்றைக் கண்ணை ரிஜெக்ட் செய்த மறுநாள் ராத்திரி அதே படியில் இரட்டைக் கண்ணுடன் உட்கார்ந்தார். தலைக்கு மேலே, வலப்பக்கமாக, மகளுடைய அறை ஜன்னல். அறை காலி, விளக்கும் இல்லை. ஹாலில் மனைவியும் மகளும் தூங்கினார்கள். கருவியின் விளக்கை அணைத்தார். மதில் பளிச்சென்றே இருந்தது. அதே ஆறு கோடு. அதே இரட்டை. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் ஒரு கணம் எல்லாம் இருண்டு, மீண்டது.

அப்படியென்றால் இரண்டுக்கும் ஒரே கோளாறு. வெளிக்கூட்டை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே ஒரே குப்பையை வைத்து விற்கிறான் அயோக்கியன்!

காலையில் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றார். வாய்க்கு வந்தபடி கத்தினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கடைக்காரன் பொறுமையாக அவரைக் கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான்.

"இப்போ விளக்கை அணைச்சுப் பாருங்க சார்."

பார்த்தார். கறுப்பு. இரண்டிலும் ஒன்றுமே இல்லை. கோடு இல்லை, துடிப்பு இல்லை.

"கருவி நல்லாத்தான் இருக்கு. விளக்கை அணைச்ச பிறகும் படம் வருதுன்னா, வேற எங்கேயோ இதே மாதிரி விளக்கு எரியுதுன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்கு மட்டும் தெரியும். பக்கத்து வீட்டுல ராத்திரி கேமரா ஏதாவது வச்சிருக்காங்களா?"

போதாதா? அங்கிருந்து நேரே பக்கத்து வீட்டுக்குப் போய், ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் வாசலில் நின்று ஆடித் தீர்த்தார். வயசுப் பெண் இருக்கிற வீட்டைப் பார்த்துக் கேமரா வைக்க வெட்கமாக இல்லையா என்று கேட்டார். டிரைவர் அவரை மொட்டை மாடிக்கே கூட்டிப்போய்க் காட்டினார். கேமராவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு நினைக்கிறேன், போய்ப் படுங்க" என்றார் டிரைவர். அந்த அனுதாபம்தான் அவருக்கு அடிபட்டதைவிட அதிகமாக வலித்தது.

கடைசியில், தெருவிளக்கு எங்காவது பட்டுத் திரும்பியிருக்கும் என்று அவரே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். முக்கியமான விஷயம் வேறு. ஐந்து ராத்திரி உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. பின்புறத்தில் ஒரு பூனைகூட வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மகளைக் கூப்பிட்டார். சமையலறைப் பின்கதவில் புதிதாக இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருந்ததைக் காட்டினார். "யானை வந்து முட்டினாலும் அசையாது." பிறகு தொழிற்சாலையில் தேறிய பெட்டிகள்மேல் ஒட்டும் பச்சை வட்டச் சீட்டு ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் அறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். ஓகே என்று அச்சடித்த சீட்டு.

"இருபத்திரண்டு வருஷத்துல நான் ஓகே போட்டது ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை. இன்னைக்கு ஒரு ராத்திரி உன் ரூம்ல படு. நான் வெளியே காவல் இருக்கேன். காலையில சித்தி வந்ததும் போகணும்னு தோணிச்சுன்னா, போ. நான் தடுக்கலை."

மகள் சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் கத்தாமல் பேசியிருந்தார். அதற்காகவே இருக்கவேண்டும், தலையாட்டினாள்.

மனைவிக்கு அன்றைக்கு நைட் டூட்டி. செருப்பு மாட்டும்போது, "குழந்தையை எதுக்குங்க கட்டாயப்படுத்தறீங்க? ஹால்லயே படுக்கட்டுமே" என்றாள்.

"நீ கொடுக்கிற செல்லம்தான் இந்த அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கு. கிளம்பு!"

அவள் மகளின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பத்து மணிக்கு அவர் இரண்டு கருவிகளையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்புறம் போனார். திங்கட்கிழமை ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், கடைசித் தடவையாக ஒப்பிட்டுவிடலாம். வெளிச்சம் படக்கூடாது என்று டார்ச்சை உள்ளேயே வைத்தார். போன் சார்ஜில் கிடந்தது. "உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கோ. என் குரல் கேட்டா மட்டும் திற" என்றார். இரும்பு இரும்பில் உரசிப் பொருந்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் அறை விளக்கு அணைந்தது.

இத்தனை நாள் படியில் உட்கார்ந்தே பார்த்தார். தூரத்தை அளக்கவேண்டும் என்பதால் இன்று முற்றத்தின் நடுவே போய் நின்றார். வீட்டுக்கு முதுகு, மதிலுக்கு முகம். காற்றில்லை. துணிக்கொடியில் மறந்துபோய் விட்ட ஒரு துண்டு ஈர வாடை அடித்தது. குழாய் சொட்டியது. ஒற்றைக் கண்ணைத் தூக்கிப் பார்த்தார், தேவலை. இரட்டைக் கண்ணைத் தூக்கிப் பார்த்தார். படம் கொஞ்சம் தாமதமாக நகர்ந்தது. அதை வைத்துக்கொள்ளலாம், இதைக் கொடுத்துவிடலாம் என்று கிட்டத்தட்ட முடிவுக்கே வந்துவிட்டார். பிறகு, பழக்கதோஷத்தில், இரண்டு விளக்கையும் அணைத்தார்.

மதில் வெளிச்சமாக இருந்தது. கோடுகள் இருந்தன. கோடுகளுக்கு நடுவே ஒரு ஆள் நின்றான்.

அவர் அப்படியே நின்றார். ஆளும் அசையவில்லை. அவர் இடது கையைத் தூக்கினார், ஆளும் தூக்கினான். நிழல். அவருடைய நிழல்தான். "அட, ச்சே" என்று சிரிக்கப் போனவர், பாதியில் நிறுத்தினார்.

நிழல் முன்னால் விழுந்தால் விளக்கு முதுகுக்குப் பின்னால். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடுகளை எண்ணினார். ஆறு. மகளின் ஜன்னல் கம்பிகள் ஆறு. அவரே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கியவை.

வெளிச்சம் அவள் அறைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

"ஏய்!" கோபம்தான் முதலில் வந்தது, வழக்கம்போல. "கருவியை வச்சு விளையாடறியா? அணை அதை!" சொல்லும்போதே கை நெஞ்சைத் தொட்டது. இரண்டு கருவியும் அங்கேதான் தொங்கின. வீட்டுக்குள் வேறு இல்லை.

திரும்பினார். வெறும் கண்ணுக்கு ஜன்னல் கறுப்பாக இருந்தது. கருவியைத் தூக்கினார். திரை முழுக்க வெள்ளையாக வெந்தது. மலிவுக் கருவி, நேர் வெளிச்சம் தாங்காது. மெல்ல மெல்ல அடங்கியபோது, அந்த வெள்ளைக்கு நடுவே இன்னும் வெள்ளையாக இரண்டு வட்டங்கள். பக்கத்தில் பக்கத்தில். ஆள் உயரத்தில். அதனால்தான் கோடுகள் இரட்டையா?

வட்டங்கள் இமைத்தாற்போல ஒரு கணம் அணைந்தன. மறுபடி எரிந்தன.

ஒயர் லூஸ் என்று எழுதியிருந்தார். எழுதி, அடிக்கோடிட்டிருந்தார்.

லைட்டு எரியும்போதுதான் தெரியுது. அணைச்சா போயிடுது. கண்ணாடியோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவர் அவர். ராத்திரியில் அறைக்குள் விளக்கு எரிந்தால் ஜன்னல் கண்ணாடி வெளியே இருப்பதைக் காட்டாது, உள்ளே இருப்பதைத்தான் காட்டும். ஜன்னலில் நின்றதாக அவள் சொன்னது அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றிருக்கிறது. பிள்ளை கண்டதைக் கண்டபடி சொன்னாள். இவர் தடியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். ஐந்து ராத்திரி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதிலைக் காவல் காத்தார். கடைசியில் ஓகே ஒட்டி, கதவைச் சாத்தச் சொல்லி, பிள்ளையைக் கொண்டுபோய் உள்ளே விட்டார்.

கதவில் மோதினார். தோளால். மறுபடி தோளால். அசையவில்லை. யானை முட்டினாலும் அசையாது.

"கண்ணு! கதவைத் திற! அப்பாதான்!"

பதில் ஜன்னலிலிருந்து வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டில்மேல் எழுந்து உட்கார்ந்த குரல். தூக்கக் கலக்கம்கூடப் போகவில்லை.

"அப்பா? நீங்க வெளியிலயா இருக்கீங்க?"

அவர் ஜன்னலுக்கு ஓடிக் கம்பியைப் பிடித்தார்.

"அப்போ இங்க நிக்கிறது..." என்றாள்.

"அசையாதே. திரும்பாதே. என்னையே பாரு. லைட்டு சுவிட்ச் எங்கே இருக்கு?"

"கதவுகிட்டப்பா." குரல் சின்னதாகிவிட்டது. "அதைத் தாண்டிப் போகணும்."

குனிந்து தரையைத் துழாவினார். கல். ஏதாவது ஒரு கல். முற்றத்தை அவர்தான் சிமெண்ட் போட்டு மெழுகியிருந்தார், ஒரு பொடிக்கல்கூட இல்லாமல், வழுவழுவென்று. கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைத் திட்டுவது? கடைக்காரனையா? டிரைவரையா? கழுத்திலிருந்த கருவியைப் பிடுங்கி, இரட்டைக் கண்ணைப் பிடுங்கி, கம்பிகளுக்கு நடுவே கண்ணாடியில் அடித்தார். பிளாஸ்டிக் கூடு உடைந்து சிதறியது. கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. தடித்த கண்ணாடி. அவரே தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

ஜன்னலுக்குள் பார்த்தால் கறுப்பு. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தால் வெறும் வெள்ளை. உள்ளே நடப்பதைப் பார்க்க ஒரு வழிதான் இருந்தது. மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும்.

திரும்பினார். ஜன்னலின் ஓரமாக ஒதுங்கி நின்று, கையைப் பின்னால் நீட்டிக் கம்பியைப் பிடித்தபடி, கருவியைக் கண்ணில் வைத்தார்.

மதிலில் ஆறு கோடுகள். ஓரத்தில் வட்டமாக ஒரு பொட்டு, அவர் ஒட்டிய சீட்டு. கோடுகளுக்கு நடுவே சின்னதாக ஒரு தலை. ஒரு பக்கம் அவிழ்ந்த சடை. சொன்னபடி அசையாமல் இருந்தாள். சொன்னபடி திரும்பாமல் இருந்தாள்.

பாட்டிலும் விளக்கும் அவருக்குத் தெரியும். விளக்கு எட்ட இருந்தால் நிழல் சின்னது. கிட்ட வர வர நிழல் பெரிது.

தலை மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது. முதலில் இரண்டு கோடுகளை மறைத்தது. பிறகு நாலு.

"அப்பா" என்றாள், அவர் முதுகுக்குப் பின்னால், மிக மெல்ல. "நீங்க ஓகே சொன்னீங்களே."

மதில் ஒரு கணம் இருண்டது.

மறுபடி வெளிச்சம் வந்தபோது கோடுகளே தெரியவில்லை. எட்டடி மதில் முழுக்க அவள் தலைதான் இருந்தது.